பிரேக் ஆயிலை வீட்டிலேயே மாற்றி ஏர் எடுக்கலாமா?

6 மே 2023, வாசகர் கேள்வி

என்னிடம் ஆறு வருடப் பழைய சிறிய பெட்ரோல் கார் இருக்கிறது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உண்டு. மாதக் கடைசியில் குடும்பத்தோடு கொல்லிமலைக்குச் செல்கிறோம். வாங்கிய நாள் முதல் பிரேக் ஆயிலை மாற்றியதில்லை. எங்கள் பகுதி மெக்கானிக், "ஆயில் கருக்கவில்லை, அளவும் குறையவில்லை, எதற்கு வீண் செலவு?" என்கிறார். அவர் சொல்வது சரியா? மாற்றத்தான் வேண்டும் என்றால், நானும் என் தம்பியும் சேர்ந்து வீட்டு வாசலிலேயே செய்துவிட முடியுமா?

6 மே, இரவு

மாற்றத்தான் வேண்டும், அதுவும் மலை ஏறுவதற்கு முன்பே மாற்ற வேண்டும். அளவு குறையாததும் நிறம் கருக்காததும் அந்த ஆயில் நல்ல நிலையில் இருப்பதற்குச் சான்று ஆகா.

நம் கார்களில் ஊற்றப்படும் டாட் 3, டாட் 4 என்ற இரண்டு தர ஆயில்களும் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தவை. இவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையவை. மூடி இறுக்கமாக இருந்தாலும், பிரேக் ஆயில் நிற்கும் டப்பாவின் காற்றுத் துளை வழியாகவும், சக்கரங்களுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களின் சுவர் வழியாகவும் ஈரம் சிறுகச் சிறுக உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. அதே ஆயிலில் 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் இந்த வரம்புகள் முறையே 140, 155 டிகிரிக்கு இறங்கிவிடுகின்றன. அறுபத்தைந்து, எழுபத்தைந்து டிகிரி இழப்பு, கண்ணுக்கு எந்த அடையாளமும் காட்டாமல் நடந்து முடிகிறது.

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது, ஏறக்குறைய ஒரு கோடியே பதினெட்டு லட்சம் ஜூல் ஆற்றலை எங்காவது விட்டுத் தீர வேண்டும். 30 டிகிரியில் இருக்கும் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். எஞ்சினும் எதிர்க்காற்றும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் பிரேக்கில்தான் வெப்பமாக இறங்கும். அந்த வெப்பம், டிஸ்க்கை உரசும் பேட் வழியாக, பேடை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டனுக்குப் போய், அதன் பின்னால் நிற்கும் ஆயிலைச் சுடவைக்கும். ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழ் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடலை மிதித்தால் அந்தக் குமிழ் சுருங்குமே தவிர, பிஸ்டன் நகராது.

வீட்டில் செய்யலாமா என்பதற்குச் செய்முறையோடு நாளை எழுதுகிறேன். சுருக்கமான பதில்: செய்யலாம்.

7 மே

செய்முறைக்கு முன் இதைச் சொல்லிவிடுவது நல்லது. வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் 40 வளைவுச் சாலையில், உறவினர் ஒருவரின் காரில் முன் இருக்கையில் அமர்ந்து வந்தேன். பாதி வழி வந்தபின், ஓட்டிக்கொண்டிருந்த மாமா எதுவும் பேசாமல் பெடலை இரண்டு மூன்று தடவை வேகமாக மிதித்தார். ஒவ்வொரு மிதிக்கும் அது தரைவிரிப்பைத் தொட்டது. அவர் பதறவில்லை. கியரை இரண்டுக்கும் பின் ஒன்றுக்கும் குறைத்து, கை பிரேக்கைச் சிறுகச் சிறுக இழுத்து, கீழிருந்து ஒன்பதாவது வளைவில் இருக்கும் காட்சி முனையில் வண்டியை ஓரம் கட்டினார். கை பிரேக் கேபிளால் இயங்குவது. ஆயில் கொதித்ததால் அதற்குப் பாதிப்பில்லை.

அரை மணி நேரத்துக்கும் மேல் நின்றோம். பிறகு மிதித்துப் பார்த்தால் பெடல் கல்லைப்போல் கெட்டியாக இருந்தது. என்னை அச்சுறுத்தியது பெடல் கீழே போனதைவிட இதுதான். ஆறியவுடன் ஆவி மீண்டும் திரவமாகிவிடுவதால், ஊருக்கு வந்து வொர்க்‌ஷாப்பில் காட்டினால் கோளாறு எதுவும் தென்படாது. "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று அனுப்பிவிடுவார்கள். எங்களிடமும் அப்படித்தான் சொன்னார்கள். ஆயிலை மாற்றும்படி நாங்கள் வற்புறுத்திக் கேட்ட பிறகே மாற்றினார்கள்.

மலையில் பிரேக் பிடிக்காமல் போவது இரண்டு வகைப்படும். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால், டிஸ்க்கை உரசும் பேடும் டிரம்மை உரசும் ஷூவும் சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டன. பெடலே எதிர்ப்பின்றிக் கீழே போனால், ஆயில் கொதித்திருக்கிறது. முதல் வகைக்குப் புதிய ஆயில் மருந்தாகாது. இரண்டாவதற்கு அது ஒன்றுதான் மருந்து. இரண்டையும் தவிர்க்க, எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்குவது என்ற பழைய வழக்கத்தை விடாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

7 மே, மாலை

நிறத்தைப் பார்த்தே ஆயிலின் நிலையை அறிய முடியாதா என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். ரப்பர் சீல்களின் தேய்மானமும் உலோக அரிப்பும் ஆயிலைக் கருக்க வைக்கின்றன. நீர் கருக்க வைப்பதில்லை. ஆகவே தெளிந்த ஆயிலிலும் நிறைய நீர் இருக்கலாம், கருத்த ஆயிலிலும் குறைவாக இருக்கலாம். கறுத்திருந்தால் கட்டாயம் மாற்றுங்கள். தெளிவாக இருந்தால் காலத்தைப் பாருங்கள். என் காரின் கையேடு இரண்டு ஆண்டு என்று சொல்கிறது. கடற்கரை ஊரில் வசிக்கும் நான் அதை ஒரு மாதம்கூடத் தள்ளிப் போடுவதில்லை.

பேனா வடிவில் விளக்கு எரியும் சோதனைக் கருவிகள் ஆயிலின் மின்கடத்தும் தன்மையை அளந்து நீரின் அளவை ஊகிப்பவை. அதுவும் டப்பாவின் மேல் ஆயிலைத்தான் அவை தொடுகின்றன. சூடாகும் ஆயிலோ காலிப்பரில் இருக்கிறது. பச்சை விளக்கை நம்பி மலை ஏற வேண்டாம்.

9 மே

செய்முறை. எதையும் விட்டுவிடாமல் எழுத முயல்கிறேன்.

முதலில் டப்பாவின் மூடியைப் பாருங்கள். எந்த டாட் எண் வேண்டும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். டாட் 3 கேட்கும் பெரும்பாலான கார்களில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 சிலிக்கோன் வகை. மற்றவற்றோடு கலக்காது, ஏ.பி.எஸ். உள்ள காருக்கும் ஆகாது. டாட் 5.1 என்பது அதிலிருந்து வேறுபட்டது, கிளைக்கால் குடும்பத்தைச் சேர்ந்தது. கடையில் இந்த இரண்டையும் குழப்பிக் கொடுப்பதைக் கண்டிருக்கிறேன். லேபிளைப் படித்து வாங்குங்கள். முத்திரை பிரிக்காத அரை லிட்டர் பாட்டில் இரண்டு போதும். பாதி தீர்ந்து அலமாரியில் கிடக்கும் பாட்டிலை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கிலும் ஆயிலை வெளியே விடும் சிறு திருகான நிப்பிளுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பானர் (பல கார்களில் பின்னால் 8 மி.மீ., முன்னால் 10 மி.மீ., உங்கள் காரில் பொருத்திப் பார்த்து உறுதிசெய்யுங்கள்), நிப்பிளில் இறுக்கமாக மாட்டும் ஒளி ஊடுருவும் டியூப், ஒரு பழைய கண்ணாடிப் பாட்டில், பெரிய சிரிஞ்சு, பஞ்சுத்துணி, ஒரு வாளித் தண்ணீர் ஆகியவை வேண்டும். தண்ணீர் எதற்கு என்றால், இந்த ஆயில் பட்ட பெயின்ட் உரிந்து வந்துவிடும். சிந்திய கணமே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். சமதளத்தில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கியபின் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வண்டியோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையோ தலையோ நீட்டக் கூடாது.

எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். பெடலைச் சில தடவை மிதித்து, மிதிக்கு வலுக்கூட்டும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள். டப்பாவைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் சீலுக்குக் கேடு. பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, டப்பாவின் அடியிலுள்ள துவாரங்கள் வெளிப்படும் முன் நிறுத்தி, மேல்கோடு வரை புதியதை ஊற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் டப்பாவிலுள்ள பழைய ஆயிலையும் நான்கு குழாய்கள் வழியாகத் தள்ள வேண்டியிருக்கும்.

இனி ஏர் எடுப்பது, அதாவது குழாய்களிலுள்ள காற்றையும் பழைய ஆயிலையும் நிப்பிள் வழியாக வெளியேற்றுவது. டியூபின் ஒரு முனையை நிப்பிளில் மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் சிறிது புதிய ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும்படி விடுங்கள். உள்ளே இருப்பவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க வேண்டும். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை தளர்த்தினால் ஆயில் டியூபில் ஓடும், பெடல் இறங்கும். பெடல் மேலே வருவதற்கு முன் நிப்பிளை மூடிவிட வேண்டும். மூடாத நிலையில் காலை எடுத்தால், காற்றோ பழைய ஆயிலோ திரும்ப உள்ளே இழுக்கப்படும். இந்த வேலையின் உயிர் இந்த ஒழுங்கில்தான் இருக்கிறது.

என் வீட்டில் மகள்தான் உள்ளே அமர்கிறாள். நான் "மிதி" என்பேன். அவள் "மிதிச்சாச்சு" என்று உரக்கச் சொன்ன பிறகே ஸ்பானரைத் திருப்புவேன். நான் "மூடியாச்சு, விடு" என்று சொல்லாமல் அவள் காலை எடுக்க மாட்டாள். ஊகத்துக்கு இடம் தராமல், ஒவ்வொரு சுற்றிலும் இந்தச் சொற்களை முழுமையாகச் சொல்லிக்கொள்கிறோம். உங்கள் தம்பியோடும் இப்படி ஒரு முறையை வண்டியைத் தூக்குவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

முதலில் வருவது தேயிலைச் சாயம்போல் பழுப்பாக இருக்கும். சில மிதிகளுக்குப் பின், டியூபுக்குள் பழுப்பை அடுத்து வெளிர்மஞ்சள் ஒரு கோட்டைப்போல் வந்து நிற்பதைக் கண்ணால் காணலாம். அந்தக் கோடு கடந்து, குமிழும் நின்ற பிறகு, இன்னும் இரண்டு மூன்று மிதி கொடுத்து நிப்பிளை இறுக்குங்கள். அது சிறிய, உள்ளே துளையுள்ள திருகு. வலிமையைக் காட்டினால் முறிந்துவிடும். கடைசியாக ரப்பர் மூடியை மாட்ட மறக்க வேண்டாம்.

ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பாவின் அளவைப் பாருங்கள். அது வற்றிக் காற்றை உறிஞ்சிவிட்டால், எளிய ஆயில் மாற்றமாகத் தொடங்கியது பெரிய பழுதுவேலையாக மாறிவிடும்.

9 மே, இரவு

பெடலைப் பற்றி ஒரு சேர்க்கை. அன்றாட ஓட்டத்தில் பெடல் பாதிக்கு மேல் போவதில்லை. பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரில், அதற்கு அப்பாலுள்ள பகுதியில் ஆண்டுக்கணக்கில் அழுக்கும் அரிப்பும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது தரைவரை மிதித்தால், ரப்பர் சீல் அந்தச் சொரசொரப்பின் மேல் ஏறிக் கிழியக்கூடும். ஆறு ஆண்டு மாற்றாத உங்கள் காரில் இதற்கு வாய்ப்பு கூடுதல். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, முழு நீளத்துக்கும் போகாதபடி தடுத்துக்கொள்ளுங்கள்.

11 மே

எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதில் கருத்து வேறுபாடு எழுந்திருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவில் இருப்பதை முதலில் எடுப்பது பொதுவழக்கு. நம் வலப்பக்க ஸ்டீயரிங் கார்களில் அது பின்-இடது, பின்-வலது, முன்-இடது, முன்-வலது என்று வரும். ஆனால் முன்சக்கர இயக்கமுள்ள பெரும்பாலான கார்களில் பிரேக் குழாய்கள் குறுக்காகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு முன்சக்கரமும் அதற்கு மூலைவிட்டமான பின்சக்கரமும் ஒரே சுற்றைச் சேர்ந்தவை. ஒரு சுற்று ஒழுகினாலும் மற்றது வண்டியை நிறுத்தும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இத்தகைய கார்களில் சில நிறுவனங்கள் பின்-இடதுக்கு அடுத்து முன்-வலதை எடுக்கச் சொல்கின்றன. கையேட்டில் வரிசை கொடுத்திருந்தால் அதுவே முடிவு. வெறும் ஆயில் மாற்றத்துக்கு, காற்று புகாத வரையில், வரிசை மாறியதால் கெடுதி ஏதும் வந்துவிடாது என்பது என் கருத்து.

பின்பாரத்துக்கு ஏற்ப அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உள்ள சில வேன்களிலும் ஜீப்களிலும் வேறொரு சிக்கல் உண்டு. பின்புறத்தைத் தூக்கிச் சக்கரங்களைத் தொங்கவிட்டால், பாரமே இல்லை என்று அந்த வால்வு ஆயிலைக் கட்டுப்படுத்திவிடும். அவற்றில் பாரம் சக்கரங்களின் மேல் இருக்கும்படி வைத்தே ஏர் எடுக்க வேண்டும்.

12 மே

நிப்பிள் திரும்பவில்லை என்ற கேள்விக்கு. மேலும் பலம் கொடுக்காதீர்கள். முதல் நாளே துரு நீக்கும் ஸ்பிரேயை வேரில் அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் ஆறு பக்கமும் கவ்வும் சாக்கெட்டைப் பொருத்தி, நிப்பிளின் தலையில் சிறு சுத்தியலால் மென்மையாகத் தட்டி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு அசைத்து, பிறகு தளர்த்துங்கள். திறந்தவாய் ஸ்பானர் மூலைகளை மழுக்கிவிடும். அப்படியும் வரவில்லை என்றால், அந்தச் சக்கரத்தை வொர்க்‌ஷாப்புக்கு விட்டுவிடுவதே அறிவுடைமை. உடைந்த நிப்பிளோடு வாசலில் நிற்கும் காரை ஓட்டிச் செல்லவும் முடியாது.

14 மே

வாக்குவம் பம்பு வைத்துத் தனியாகச் செய்பவர், குமிழ் நிற்கவே இல்லை என்று எழுதியிருக்கிறார். நிப்பிளைத் தளர்த்தியவுடன் அதன் மரையின் இடுக்கு வழியாக வெளிக்காற்று டியூபுக்குள் உறிஞ்சப்படுகிறது. காணும் குமிழ் அந்தக் காற்றினுடையது. பிரேக் குழாயினுடையது அன்று. மரையில் சிறிது கிரீஸ் தடவினால் குறையும். தனியாகச் செய்பவருக்கு, டப்பாவின் மேல் மாட்டி ஏறக்குறைய ஒரு பார் அழுத்தத்தில் மேலிருந்து தள்ளும் கருவி இதைவிட மேல். எனினும் பெடலில் ஒருவரும் சக்கரத்தில் ஒருவருமாகச் செய்யும் பழைய முறையையே நான் விரும்புகிறேன். அதில் பெடலின் தன்மை மாறுவதை உள்ளே இருப்பவர் காலால் உணர்ந்து சொல்ல முடிகிறது.

20 மே

கேள்வி கேட்டவர் வேலையை முடித்துவிட்டார். ஆயில் நான்கு சக்கரத்திலும் தெளிவாக வந்தும், பெடல் சற்றுத் தாழ்ந்தே பிடிக்கிறது என்கிறார். இது பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

எஞ்சினை அணைத்துவிட்டு மிதியுங்கள். பெடல் பஞ்சுபோல் அமுங்கி, அடுத்தடுத்து மிதித்தால் மேலே எழும்பிக் கெட்டிப்படுகிறது என்றால் காற்று மிச்சம் இருக்கிறது. ஒரே சீராக அழுத்திப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால், வெளியே ஒழுகுகிறது அல்லது மாஸ்டர் சிலிண்டரின் சீல் உள்ளுக்குள் ஆயிலை விடுகிறது. இந்த நிலையில் வண்டியைச் சாலைக்கே எடுக்கக் கூடாது. நீண்ட தூரம் கீழே போனாலும், பிடிக்கும் இடத்தில் கெட்டியாக நின்றுவிட்டால், பெரும்பாலும் பின் டிரம்மில் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகியிருக்கிறது. அதற்கு எத்தனை பாட்டில் ஆயில் ஊற்றி ஏர் எடுத்தாலும் பயன் இராது. ஷூவை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். கை பிரேக் லீவர் வழக்கத்தைவிட அதிகப் பற்கள் மேலே வருகிறதா என்று பாருங்கள். அதுவும் இதே காரணத்தைத்தான் காட்டும்.

டிரம்மைக் கழற்றும்போது, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் இரு முனைகளிலும் இருக்கும் ரப்பர் தொப்பியின் விளிம்பை மெல்லத் தூக்கிப் பாருங்கள். உள்ளே உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் மின்னினாலோ துளி திரண்டாலோ சிலிண்டரை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. டப்பாவில் அளவு குறைவது தெரிவதற்கு வெகுமுன்பே இந்த ஈரம் தெரிந்துவிடும். ஷூவிலும் டிரம்மிலும் படிந்த தூசியை வாயால் ஊதாதீர்கள்; ஈரத் துணியால் துடையுங்கள்.

முன் காலிப்பரைக் கழற்றி மாட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை: நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும். இடதையும் வலதையும் மாற்றிப் பூட்டிவிட்டால் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலே தங்கி, ஒருநாளும் வெளியேறாது.

21 மே

அட்ஜஸ்ட் செய்தபின் பெடல் உயர்ந்துவிட்டதாக அவர் எழுதியிருப்பதில் மகிழ்ச்சி. ஏ.பி.எஸ். பற்றிய அவருடைய அடுத்த கேள்விக்கு: டப்பா வற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றியவர்களுக்கு ஸ்கேன் கருவி பெரும்பாலும் தேவைப்படாது. ஏ.பி.எஸ். பெட்டிக்குள் இருக்கும் மூடிய வால்வுகளுக்குப் பின்னால் சிறிதளவு பழைய ஆயில் மிஞ்சும், அவ்வளவுதான். அந்தப் பெட்டிக்குள் காற்று புகுந்திருந்தாலோ பெட்டியையே மாற்றியிருந்தாலோ, வால்வுகளையும் பம்பையும் இயக்கும் ஸ்கேன் கருவியோடு ஏர் எடுக்க வேண்டும். அது வாசலில் முடிகிற வேலை இல்லை.

ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள சில கார்களில் கிளட்சும் இதே டப்பாவிலிருந்துதான் ஆயிலை எடுக்கிறது. அப்படி இருந்தால் கிளட்ச் நிப்பிளிலும் பழையதை வெளியேற்றுங்கள். அதை விட்டுவிடுபவர்களே அதிகம்.

23 மே

சாலைக்கு எடுக்கும் முன் செய்ய வேண்டியவை. பெடலைப் பலமாக மிதித்து ஒரு நிமிடமேனும் பிடித்திருக்கச் சொல்லி, நான்கு நிப்பிள்களையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் ஈரம் ஒட்டக் கூடாது. பெடலை மிதித்தபடி எஞ்சினை ஓடவிட்டால், பெடல் சிறிது இறங்கி நிற்க வேண்டும். அது பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம். அதைக் கண்டு ஏர் இருப்பதாக எண்ணி மீண்டும் தொடங்க வேண்டாம். வீல் நட்டுகளை வண்டி தரையில் நின்றபின் ஒருமுறை இறுக்குங்கள். பிறகு ஆள் நடமாட்டமில்லாத சமதளச் சாலையில் நடக்கும் வேகத்தில் நிறுத்திப் பார்த்து, அதன்பின் 20, 40 என்று வேகத்தைக் கூட்டிச் சோதியுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. மறுநாள் காலையில் டப்பாவின் அளவையும், சக்கரங்களின் உட்புறத்தையும் மீண்டும் பாருங்கள். இதெல்லாம் முடியாமல் குடும்பத்தை ஏற்றக் கூடாது; முதல் நெடும்பயணமே மலையாகவும் இருக்கக் கூடாது. ஊருக்குள் சில நாள் ஓட்டுங்கள்.

24 மே

மிஞ்சிய ஆயில் பற்றிய கடைசிக் கேள்வி. பாட்டிலில் எஞ்சியதை அடுத்த முறைக்கு என்று வைத்திருக்காதீர்கள். திறந்த பாட்டிலும் காரின் டப்பாவைப்போலவே ஈரத்தை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும். வண்டியிலிருந்து எடுத்த பழையதைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. பழைய எஞ்சின் ஆயிலோடு கலக்காமல் தனிக் கேனில் அடைத்து, மேலே பெயர் எழுதி, கழிவு ஆயில் சேகரிக்கும் வொர்க்‌ஷாப்பில் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. அது நஞ்சு, நிறத்தைப் பார்த்துக் குழந்தைகள் குடிக்கும் பானம் என்று எண்ணிவிடக்கூடும்.

டப்பாவில் அளவு குறைந்தால் உடனே ஊற்றிவிடுவது நல்லதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே நகரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். ஆகவே முதலில் பேடின் தடிமனைப் பாருங்கள். பேட் தேய்ந்திருந்தால், ஆயில் ஊற்றாமல் பேடை மாற்றுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அளவு தானாக மேலே வந்துவிடும். முன்பே நிரப்பி வைத்திருந்தால் அப்போது வழிந்து பெயின்டின் மேல் கொட்டும். பேட் தேயாமலே அளவு குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.